குளித்த நீரும் கொல்லை மரங்களும்

டூசான், அரிசோனா, அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கொல்லைப்புறக் குளியலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். கொத்தனார் தளம் போடுவதற்கு முன் இக்கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

இந்த ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. கொலராடோ ஆற்று நீரைச் சுமார் 540 கிலோமீட்டர் கால்வாயில் மேட்டை நோக்கி இறைத்துக் கொண்டுவருகிறார்கள். அந்த ஆற்றுக்கு ஏழு மாநிலங்களும் மெக்சிகோவும் பங்காளிகள். 1922-இல் அம்மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டும் பங்குத் தகராறு இன்னும் ஓயவில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்று காத்திருந்து பழகிய நமக்கு அந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வீட்டுக் கழிவுநீரைப் பற்றி. குளியலறை, கைகழுவும் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றிலிருந்து வரும் நீரை நாளொன்றுக்கு 400 காலனுக்குள், அதாவது ஏறத்தாழ 1,500 லிட்டருக்குள், தோட்டத்துக்குப் பாய்ச்ச அரிசோனாவில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் சில விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். கழிப்பறை நீர் மட்டுமன்றி, எண்ணெய்ப் பசையும் உணவுத் துகளும் கலந்த சமையலறை நீரும் அதில் சேரக் கூடாது. குழந்தையின் மலம் பட்ட துணிகளை அலசிய நீரும் அப்படித்தான். தெளிப்பான் மூலம் தெளிக்கக் கூடாது. சொட்டுநீராகவோ பாத்தியில் பாய்ச்சியோ மண்ணுக்குள் இறங்கவிட வேண்டும். தேக்கிவைக்கும் தொட்டி கொசு புகாதபடி மூடியிருக்க வேண்டும். உண்ணும் பயிர்களில் எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களுக்கும் கொட்டை தரும் மரங்களுக்கும் மட்டுமே மண்ணின் மேல் பாய்ச்ச இடமுண்டு. ஒருவர் வீட்டு நீர் அடுத்தவர் மனைக்குள் போகக் கூடாது என்பதும் விதிதான். நம் தெருவில் சாக்கடைக்காக நடக்கும் சண்டைகளை நினைத்தால் இந்த ஒரு விதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இந்நகரம் 2008-இல் மேலும் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2010 ஜூன் முதல் கட்டப்படும் புதிய வீடுகளில், பிற்காலத்தில் இந்நீரைத் தோட்டத்துக்குத் திருப்புவதற்கு வசதியாகக் குழாய்களை முதலிலேயே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். தளத்தை உடைத்துக் குழாய் மாற்றுவது பெருஞ்செலவு என்பதால், சட்டங்களிலேயே இதுதான் மிகவும் அறிவுள்ளது என்று கருதுகிறேன்.

கிணற்றடி நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டது அப்பாயி காலத்திலேயே நம் வீட்டு வழக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அப்போது சீயக்காயும் அரப்பும்தான் புழங்கின. இப்போது சலவைத்தூளில் உள்ள சோடியம் நம் களிமண்ணை இறுக்கி, நீர் இறங்காமல் செய்துவிடும். அதனால் துவைத்த நீரை ஒரே மரத்தடியில் விடாமல் மாற்றி மாற்றி விடச் சொல்லுங்கள். கீரைப் பாத்திக்கு அதை விடவே வேண்டாம். குலை உயரத்தில் தொங்குவதால் வாழைக்கு விடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று மிக முக்கியம். நீர் பாயும் இடத்துக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே ஐந்தடியாவது மண் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அந்த மண்தான் அழுக்கை வடிகட்டுகிறது. பாலைவனத்தில் இது எளிது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கைக்கெட்டும் உயரத்துக்குக் கிணற்று நீர் ஏறிவிடும் நம் ஊரில், அதே கிணற்றில்தான் இந்த நீரும் போய்ச் சேரும். ஆகவே அந்த மாதங்களில் குளியல் நீரைச் செப்டிக் டேங்கின் பக்கம் திருப்பிவிட ஒரு வால்வு கட்டாயம் வேண்டும்.

எனவே கொத்தனாரிடம் கழிப்பறைக்கு ஒரு குழாயும், குளியலுக்கும் துவைக்கும் கல்லுக்கும் வேறொரு குழாயும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். வால்வை அம்மா குனியாமல் திருப்பும் உயரத்தில் சுவரோரமாக வைக்கட்டும். கூடுதலாக ஆகும் குழாய்ச் செலவை இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன்.

தங்கள் அன்பு மகள்