வேலூர்ப் புரட்சி: சிப்பாய்களின் பக்கம் எங்கே?

ஐயா,

என் பேரனுடன் வேலூர்க் கோட்டைக்குப் போயிருந்தேன். "1806-ல் நடந்தது கலகமா, புரட்சியா தாத்தா?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கே உடனே பதில் வரவில்லை.

ஆங்கிலேயர் பார்வை நமக்கு எளிதில் கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைத் தளபதி பேன்கோர்ட், ஜூலை 10 விடியலில் கிளர்ந்தெழுந்த இந்தியச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார். குழந்தைகளோடு ஒளிந்து உயிர்தப்பிய அவர் மனைவி, அந்த நாளை எழுதி வைத்திருக்கிறார். படித்தால் எனக்கும் மனம் கலங்கும். அந்த அம்மாளின் பயம் பொய்யல்ல.

ஆனால் நெற்றியில் திருநீறும் நாமமும் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கம்பெனிப் படை உத்தரவிட்டபோது சிப்பாய்கள் வீட்டில் என்ன பேசினார்கள்? மே மாதம் அதை மறுத்த இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், தலா 900 கசையடி. அவர்கள் மனைவிமார் எழுதியதாக ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கில அதிகாரி கில்லஸ்பி படையோடு வந்த பிறகு, சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மகன்கள்தான் தூண்டினார்கள் என்று முதலில் பழியும் போட்டார்கள். பிறகு சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிரடாக், சென்னை கவர்னர் பென்டிங்க் இருவரையுமே லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. தப்பு எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பாடநூலில் இரு தரப்பையும் அருகருகே அச்சிடுங்கள். பிள்ளைகள் படித்துவிட்டு வாதாடட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.