ஃபைனல் ஃபைட்: கும்பல் இல்லாத தெருச் சண்டை

டேய் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாற்றுகிற அலைச்சலுக்கு நடுவிலும் அந்தப் பழைய சூப்பர் நின்டெண்டோ வீடியோ கேம் கன்சோலைத் தேடி எடுத்து, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறாயே, நீ மாறவே மாட்டாய். இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் டிவி ரிமோட் இப்போதைக்கு என் வசம் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஃபைனல் ஃபைட் என்கிற தெருச் சண்டை ஆட்டத்தின் கேட்ரிட்ஜை அதற்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் பையனோடு சேர்ந்து ஆடுவதற்குத்தான் என்றால் வாங்காதே. அதில் ஒருவர்தான் ஆட முடியும். ஆர்கேடில், அதாவது கடைகளில் நாணயம் போட்டு ஆடும் இயந்திரத்தில், இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடிய ஆட்டம் அது, ஆனால் வீட்டுக்கு வந்தபோது இரண்டாவது ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கை (Guy) என்கிற நிஞ்சா வீரனும் கிடையாது, கோடி (Cody), ஹாகர் என்ற மற்ற இரண்டு வீரர்கள் மட்டும்தான். தொழிற்சாலைக் கட்டம் முழுசாகக் காணோம், அதோடு லிஃப்டில் வைத்து வெடிகுண்டு வீசுவானே ரோலன்டோ, அவனும் போய்விட்டான்.

இந்த ஆட்டத்தைச் செய்த காப்காம் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆர்கேடில் 1989இல் வந்த ஆட்டம், ஜப்பானில் 1990 டிசம்பரில் இந்தக் கன்சோலுக்கு வந்துவிட்டது, கன்சோல் கடைக்கு வந்தே அப்போது ஒரு மாதம்தான். கேட்ரிட்ஜின் அளவு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி. ஆளுயரப் படங்களாக வரைந்த அத்தனை அடியாட்களும், அவர்கள் நடப்பது, குத்துவது, விழுவது எல்லாமும் அதற்குள் அடங்க வேண்டும். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாவது ஆள் போனதைவிட எனக்கு வருத்தம் வேறு ஒன்றில், அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: திரையில் ஒரே நேரத்தில் எதிரிகள் மூன்று பேருக்கு மேல் வரமாட்டார்கள்.

இதற்குக் காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. அந்தக் கன்சோல் திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் நகரும் படங்களுக்கென்று 8 புள்ளி அகலமுள்ள 34 துண்டுகளைத்தான் வரையும், அதைத் தாண்டினால் மிச்சம் அந்த வரியில் தெரியாது. விண்கல ஆட்டத்தில் எதிரிகள் மேலும் கீழுமாகச் சிதறிப் பறப்பார்கள், சமாளித்துவிடலாம். தெருச் சண்டையில் எல்லோரும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், அதுவும் ஆண்டோர் மாதிரி மலை மாதிரி ஆட்கள். இந்த வகை ஆட்டத்துக்கு அந்த வரம்பு போல எமன் வேறில்லை.

மூன்று பேர் ஆனதும் என்ன ஆகிறது என்று நீயே ஆடிப் பார். ஆர்கேடில் ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்வார்கள். ஒருத்தனைப் பிடித்து மற்றவர்கள் மேல் எறிந்தால் வரிசையாகச் சாய்வார்கள், அதனால் யாரைப் பிடிப்பது, எந்தப் பக்கம் எறிவது என்பதே ஆட்டம். முடியாதபோது அடி பட்டனையும் தாவும் பட்டனையும் சேர்த்து அழுத்துவோம், ஹாகர் கைகளை விரித்துச் சுழன்று எல்லோரையும் தூக்கி எறிவான், ஆனால் நம் உயிர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் போய்விடும். போகட்டுமா, அடிபட்டுத் தப்பிக்கலாமா என்கிற அந்தக் கணக்கில்தான் சுவை இருந்தது. வீட்டில் மூன்று பேரையும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டால் போதும், சுழல வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. எறிந்தாலும் யார் மேல் விழப் போகிறான்?

குத்தின் கனம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோடியின் குத்து எதிரி முகத்தில் படும் நொடியில் இருவரும் ஒரு இமைப்பொழுது உறைந்து நின்று, பிறகுதான் அவன் பின்னால் போவான். அந்தச் சின்னத் தயக்கம் இல்லையென்றால் காற்றைக் குத்துவது போலிருக்கும். அப்புறம் தோற்றபின் ஆட்டத்தைத் தொடரும் கன்டினியூவுக்கு எண்ணிக்கை உண்டு, ஆர்கேடில் போல நாணயத்தைப் போட்டுக்கொண்டே போக முடியாது. அதனால் ஒரு கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி சோடோமிடம் அடிவாங்கி அடிவாங்கி, அவன் பாய்வதற்கு முன் என்ன செய்கிறான் என்று உட்கார்ந்து கவனிக்க வேண்டியிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அமெரிக்கப் பதிப்பில் வேறு கூத்து. சோடோம் அங்கே கடானா ஆகிவிட்டான். பெண் உருவில் வரும் அடியாட்கள் பாய்சனுக்கும் ராக்சிக்கும் பதில் இரண்டு ஆண்கள். காரை உடைக்கும் கட்டத்தில் வண்டிக்காரன் 'ஓ மை காட்' என்று அழுவானே, அதுகூட 'ஓ மை கார்' ஆகிவிட்டது.

1992இல் ஜப்பானில் 'ஃபைனல் ஃபைட் கை' (Final Fight Guy) என்று ஒன்று வந்தது. கையைச் சேர்த்தார்கள் என்று சந்தோஷப்படாதே, கோடியை எடுத்துவிட்டார்கள். அப்போதும் ஒருவர்தான் ஆட முடியும். 1993இல் சேகா நிறுவனத்தின் குறுந்தகடு சாதனமான சேகா சிடிக்கு வந்த பதிப்பில்தான் மூன்று வீரர்களும், தொழிற்சாலையும், இரண்டு பேர் ஆடும் வசதியும் கிடைத்தன. நிறங்கள் கொஞ்சம் மங்கல், அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். பாட்டுகளைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள், சிலது மூலத்தைவிட நன்றாகவே இருக்கும்.

உனக்கு என் யோசனை இதுதான்: காப்காம் 2018இல் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது, அதில் ஆர்கேட் மூலமே இருக்கிறது. பையனோடு ஆட அதை வாங்கு. நானும் மகளும் அதில்தான் ஆடுகிறோம். அவள் ஹாகரை விட்டுக்கொடுப்பதே இல்லை, வறுத்த இறைச்சி எந்தப் பீப்பாயில் வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, எனக்கு உயிர் ஒரு துளி இருக்கும்போதும் முந்திக்கொண்டு தின்றுவிடுகிறாள். நீ மட்டும் தனியாக ஆட, பழைய நினைப்புக்காக என்றால், அந்தக் கேட்ரிட்ஜ் மலிவாகக் கிடைத்தால் எடு. அதிகம் கொடுக்காதே.

புது வீட்டு முகவரியை இன்னும் நீ எழுதவில்லை. தேடி எடுத்த கன்ட்ரோலர்களில் ஒன்றில் பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்றாயே, பிரித்துத் துடைத்துப் பார், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பரில் அழுக்குதான். சரியானால் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி