பாப்பாவின் ஜப்பானிய வகுப்பு

ஸ்ரீபெரும்புதூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் பன்னிரண்டாவது என்பதால் டிவி ரிமோட் பீரோவுக்குள் போய்விட்டது. தண்டனை எனக்கும் சேர்த்துத்தான்.

பாப்பா மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டிலேயே ஜப்பானிய மொழி வகுப்பில் சேரக் கேட்கிறாள், வேலைக்கு உதவுமா, இல்லை ஃபீஸ் தண்டமா என்று கேட்டிருந்தாய். சேர்த்துவிடு. ஆனால் என்5 என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்றை வாங்கி ரெஸ்யூமேயில் போட்டதோடு நிறுத்தப் போகிறாள் என்றால் வேண்டாம்.

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் ஐந்து படிகள். என்5 அடிப்படி, என்1 உச்சி. என்5 வைத்துக்கொண்டு மணி கேட்கலாம், விலை கேட்கலாம், அவ்வளவுதான். நான் பார்த்தவரை கம்பெனிக்காரர்கள் என்3-க்குத்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். என்2-க்கு கான்ஜி என்னும் சீன வழி வந்த எழுத்துகள் ஏறக்குறைய ஆயிரம் தெரிய வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து அதையெல்லாம் யார் படிப்பது? எங்கள் ஆபீஸில் ஆசையாக ஆரம்பித்து ஹிரகானா என்ற அடிப்படை எழுத்துகளோடு நின்றவர்கள் ஒரு பட்டாளமே இருக்கிறார்கள். கல்லூரியில்தான் அதற்கு நேரமும் இருக்கும், மண்டையும் ஒத்துழைக்கும். தேர்வு சென்னையில் ஜூலை, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை. இப்போது ஆரம்பித்தால் இறுதி ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்குள் என்3 எட்டிவிடலாம்.

என்ன பயன் என்று கேட்டாயே, இந்தப் பக்கம் வந்து பார். ஒரகடத்தில் கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா என்று ஜப்பானியக் கம்பெனிகள், அவர்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் கம்பெனிகள் எத்தனையோ. ஜப்பானிலிருந்து வரும் இன்ஜினியர்கள் சில வருஷம் இருந்துவிட்டுப் போவார்கள். டிராயிங்கில் குறிப்பும், ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டும் பல நேரம் அவர்கள் மொழியில்தான் வரும். மொழிபெயர்ப்பாளர் இருப்பார், ஆனால் பாவம், டாலரன்ஸ் (அளவில் விடக்கூடிய வித்தியாசம்), பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு) என்றால் அவருக்குப் புரியாது. மெஷினையும் தெரிந்து மொழியும் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் சீனியர்களைத் தாண்டி அவனைத்தான் மீட்டிங்கில் உட்கார வைப்பார்கள். ட்ரெயினிங்குக்கு ஜப்பானில் நகோயாவுக்கு அனுப்பும்போதும் அவன் பெயர்தான் முதலில் வரும். போன் ஆப் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுமே என்கிறாய். மெயிலைப் படிக்க அது போதும், நானே அப்படித்தான் படிக்கிறேன். லைன் நின்றுபோய் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அது உதவாது. வெறும் மொழிபெயர்ப்பு வேலைக்கு இனி மவுசு குறையும் என்றுதான் நினைக்கிறேன். அதனால் இன்ஜினியரிங் படிப்பைக் கோட்டைவிட வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்.

இன்னொன்று, நமக்கு அந்த இலக்கணம் அவ்வளவு அந்நியம் இல்லை. வினை கடைசியில்தான் வரும். ஐ, கு மாதிரி உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ‘குளித்து, சாப்பிட்டு, கிளம்பினேன்’ என்று நாம் கோர்ப்பதுபோலவே அவர்களும் கோர்ப்பார்கள். வகுப்பில் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்தாலும் வாக்கியத்தை அவள் தமிழிலேயே யோசிக்கட்டும், பாதிச் சுமை குறையும். கான்ஜிக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது, தினமும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜேஎல்பிடியில் பேசச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். அதனால் என்3 முடித்தும் வாய் திறக்காத பிள்ளைகள் நிறைய உண்டு. இன்டர்வியூவில் அங்கேதான் மாட்டுவார்கள். பேசவைக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேர். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை பழைய, நல்ல இடம். கோவையிலிருந்து சேர ஆன்லைன் வகுப்பு இருக்கிறதா என்று விசாரி.

உன் தங்கை மகள் நர்ஸிங்கோடு ஜெர்மன் படிப்பதும் நல்லதே. ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெற பொதுவாக பி2 என்ற மொழி நிலையைக் கேட்பார்கள். பி2 முடிப்பதற்கு முன்னால் எந்த ஏஜென்டிடமும் லட்சக்கணக்கில் பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று தங்கச்சியிடம் கண்டிப்பாகச் சொல்.

டிசம்பர் தேர்வுக்குப் பதிவு பல வாரம் முன்பே முடிந்துவிடும், பார்த்துக்கொள். தேர்வு எழுத வரும்போது பாப்பா நம் வீட்டிலேயே தங்கட்டும். நீயும் கூட வா, லீவு இல்லை என்று கதை விடாதே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்