கதவு திறக்காத நாடகம்

அன்புள்ள சேகர்,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று வீட்டில் தடை. டிவி மட்டும் பார்க்கலாமாம், அது என்ன நியாயமோ! அப்படிப் பார்த்ததுதான் 1930இல் வந்த ‘ரூக்கரி நூக்’ என்ற பிரிட்டிஷ் படம்.

லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் 1926இல் தொடங்கி 409 முறை நடந்த சிரிப்பு நாடகம் அது. எழுதியவர் பென் டிராவர்ஸ். ஜெரால்ட் என்பவன் கடலோரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு மனைவிக்கு முன்னால் வந்து சேர்கிறான். அன்று ராத்திரியே, மாற்றாந்தகப்பன் விரட்டிவிட்ட ஒரு பெண் பைஜாமாவோடு வந்து அடைக்கலம் கேட்கிறாள். மாற்றுத்துணி கிடையாது. கொழுந்தியாள் குடியிருப்பதோ பக்கத்தில்தான். அவளுக்குக் கழுகுக் கண். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு அதைவிட நீளமான நாக்கு. அப்புறம் என்ன, ஒளித்து வைப்பதுதான் மீதிப் படம். இதில் ஒரு தப்பும் நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நடந்திருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்கலாம். இந்த உண்மையைச் சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

சினிமா என்று பார்த்தால் சுமார்தான். பேசும்படம் வந்த புதிது. மூன்றாம் வரிசையில் டிக்கெட் வாங்கியவர் மாதிரி கேமரா அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முதல் பத்து நிமிடம் எனக்கு எரிச்சல். அப்புறம்தான் உறைத்தது, இவர்கள் மேடையில் நடித்த அதே கோஷ்டி. ரால்ஃப் லின் வசனத்தை முடிப்பதற்குள் டாம் வால்ஸ் பிடித்துக்கொள்கிறார். நூற்றுக்கணக்கான தடவை ஆடிப் பழகிய தாளம் அது. கேமரா குறுக்கே ஓடியிருந்தால் கெட்டிருக்கும்.

இயக்குநரும் டாம் வால்ஸ்தான். ஒரு காலத்தில் போலீஸ்காரராக இருந்தவராம். 1932இல் அவருடைய குதிரை டெர்பி பந்தயத்தையே ஜெயித்திருக்கிறது!

திரும்பின பக்கமெல்லாம் கதவு. பார்த்ததும் நம் ஆபீஸ் நாடகம்தான் ஞாபகம் வந்தது. நீ உள்ளே மாட்டிக்கொள்ள, கதவு திறக்காமல், நான் வெளியே நின்று “யாரது?” என்று ஏழெட்டு முறை கேட்டேனே! இவர்களுக்கு 409 தடவையும் கதவு ஒழுங்காகத் திறந்திருக்குமா?

ராபர்ட்சன் ஹேர் என்று ஒருவர். வழுக்கைத் தலை, பெண்டாட்டி பெயரைக் கேட்டாலே நடுக்கம். சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். பரவாயில்லை, ஆனால் நடுவில் என்னை ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்றுதான் தெரியவில்லை.

தையில் வருகிறாய் அல்லவா?

அன்புடன்,
கணேசன்