பிள்ளைகள் போன் விஷயமாக, பெற்றோர் கவனத்துக்கு

பெரம்பூர் பிளாக் பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு போன்ல ஒரு சாட் பார்த்தேன். கேம்ல பழக்கமான ஒரு 'அண்ணா'. முதல்ல "சாப்ட்டியா?", அப்புறம் "எந்த ஸ்கூல்?", கடைசியா "யூனிஃபார்ம்ல ஒரு போட்டோ அனுப்பு, அம்மாகிட்ட சொல்லாத". படிச்சதும் கை நடுங்கிடுச்சு. ஆனா திட்டலை. திட்டியிருந்தா அடுத்த தடவை மறைச்சிருப்பா.

போனைப் பிடுங்கினா ஃப்ரெண்டு போன்ல தொடரும். அதனால ராத்திரி 9:30க்கு மேல எங்க வீட்ல எல்லார் போனும், என்னுதும் சேர்த்து, ஹால்லதான் சார்ஜ் ஆகுது.

இன்ஸ்டாகிராம்ல பிறந்த வருஷத்தை அவசியம் பாருங்க. இவ 2001னு போட்டிருந்தா! சரியான வயசு போட்டாதான் 18க்குக் கீழ உள்ளவங்களுக்கான கட்டுப்பாடுகள் வரும்; தெரியாதவங்க மெசேஜ் தடைபடும். கேம் சாட்டைத் தனியா அணைக்கணும்.

யாராவது மிரட்டினா பணம் அனுப்பாதீங்க, சாட்டை அழிக்காதீங்க. குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றத்துக்கு 1930.

ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு மொட்டை மாடிக்கு வாங்க, செட்டிங்ஸை உட்கார்ந்து மாத்தலாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்குத் தெரியாம எதையும் மாத்த வேண்டாம்.