கனமான பலகையை எடு, வனிதா

டர்பன்
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள வனிதாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு அலைச்சறுக்குப் பலகைகளின் படங்களையும் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பழையதை எடு. கனமாக இருக்கிறது, நிறம் மங்கிவிட்டது, கடைக்காரரே மூலையில் சாய்த்து வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். நீ அலையில் போக நினைக்கிற விதத்துக்கு ஏற்ற பலகை அதுதான். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைத் தொட்டும் தட்டியும் அளந்தும் பார்க்க வேண்டும். அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளம்.

"அவசரப்படாமல், அழகாக, பலகையின் மூக்கு வரைக்கும் நடந்துபோய் நிற்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். காவடி எடுத்து நடப்பவரைப் பார்த்திருக்கிறாயே. முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், தோள் ஆடாது, சுமை தலைக்கு மேல் அசையாமல் வரும். அந்த நடை கால்களில் இருந்து வருவது பாதி. காலுக்குக் கீழே தரை நிலையாக இருப்பது மீதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பாட்டி சொல்வார்கள். பலகை விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. தவறான பலகையில் நின்றுகொண்டு தன்னைக் குறை சொல்லிக்கொள்கிற பிள்ளைகள் ரொம்பப் பேர்.

முதலில் அந்தப் புதிய வெள்ளைப் பலகையைப் பற்றி. 9 அடி, எப்பாக்சி என்கிற பிசின் பூசியது, வாலுக்கு அடியில் நடுவில் 7 அங்குல ஃபின் (மீன் துடுப்புமாதிரி நிற்கிற தகடு), பக்கத்துக்கு ஒரு சின்ன ஃபின். அது கெட்ட பலகை என்று சொல்லமாட்டேன். நீளமான பலகையிலேயே குட்டைப் பலகைபோல வெட்டித் திரும்ப நினைப்பவர்களுக்காகச் செய்தது. மூக்கு ஒடுக்கம், முன்னும் பின்னும் வளைவு அதிகம், வால் பக்கம் விளிம்பு கூர்மை, உள்ளே இருப்பது லேசான பாலிஸ்டைரீன் நுரை. லேசான பலகை சின்ன அசைவுக்கும் பதில் சொல்லும். திரும்ப நினைப்பவருக்கு அது வரம். நடக்க நினைப்பவருக்குத் தொந்தரவு: நீ ஒரு அடி எடுத்து வைக்குமுன் அது இரண்டு விதமாக ஆடிவிடும். தண்ணீரின் மேல் காற்று சிலுசிலுவென்று அலைத்துவிட்ட நாளில் காலுக்குக் கீழே படபடவென்று அடிக்கும். நீ இருக்கிற கேப் டவுன் பக்கம், மைசன்பெர்க்கில் கோடைகாலம் முழுக்கத் தென்கிழக்குக் காற்று கடலில் இருந்து கரைக்கு அடிக்கும் என்பதை மறந்துவிடாதே.

அங்கே உள்ள அலையையும் யோசி. சர்ஃபர்ஸ் கார்னரில் அலை வெகுதூரத்திலேயே உடையத் தொடங்கி, நடுவில் கொழுத்துப் படுத்து, மறுபடி எழுந்து கரைக்கு வரும். அந்தப் படுத்த இடத்தில் லேசான பலகை நின்றுவிடும். கால்களால் அமுக்கி அமுக்கித் தள்ள வேண்டியிருக்கும். பார்க்க அழகாக இருக்காது. எட்டு ஒன்பது கிலோ பலகை எடுத்த வேகத்தை விடாது. நீ சும்மா நின்றாலே அது கடந்து போய்விடும். எடைதான் அந்த நிதானத்தை உனக்குத் தருவது.

இதே பழைய பலகையை நம்ம டர்பன் நியூ பியர் கடற்கரையில் அலை நல்ல பெரிதாக இருக்கிற நாளில் எடுத்துப் போயிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அங்கே அலை செங்குத்தாக எழும். முன்பக்கம் தட்டையான பலகை மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். ஆடிங்டன் பக்கம் சிறிய அலையில் சரிப்படும். உன் கடற்கரையில் மிக நன்றாகச் சரிப்படும்.

இனி வடிவம். கையில் அளவு நாடாவும் ஒரு அடி ஸ்கேலும் எடுத்துப் போ. மூக்கு நுனியில் இருந்து 12 அங்குலம் உள்ளே வந்து குறுக்கே அள. 18 முதல் 19 அங்குலம் இருந்தால் மூக்கில் நிற்பதற்கென்றே செய்த பலகை. 17-க்குக் கீழே என்றால் அந்த ஆசை கஷ்டம். பலகையைக் கவிழ்த்து, மூக்கின் அடிப்பக்கம் ஸ்கேலைக் குறுக்கே வை. ஸ்கேலுக்குக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிகிறதா? அந்தக் குழிவுதான் நீ முன்னால் நிற்கும்போது தண்ணீரைப் பிடித்து மூக்கைத் தாங்கும்.

ஆனால் எல்லோரும் மூக்கையே பார்ப்பார்கள். நீ வாலைப் பார். மூக்கில் ஒருத்தி நிற்க முடிவது பின்னால் வாலைத் தண்ணீர் அமுக்கிப் பிடித்திருப்பதால்தான். வால் பக்கம் பலகை மேல்நோக்கி நன்றாக வளைந்திருக்க வேண்டும். விளிம்பு உருண்டையாக, கையால் தடவினால் கூர்மையே தட்டாமல் இருக்க வேண்டும். வளைந்த உருண்டையைத் தண்ணீர் தழுவிக்கொண்டு மேலே ஏறும், விட்டுப் பிரியாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகைக் காட்டிப் பார். கரண்டி தண்ணீருக்குள் இழுபடும். அதே வேலைதான். இதோடு அலையின் மடிப்பும் வாலின்மேல் ஏறிவிட்டால் உன் எடைக்குப் பின்னால் ஒரு எதிர் எடை கிடைத்துவிடுகிறது. கூர்மையான விளிம்பு தண்ணீரை வெட்டி விட்டுவிடும். வேகம் வரும், பிடி போகும். வாலின் அந்த வளைவு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதும் உண்மை. நீ கேட்பது வேகம் இல்லையே.

விளிம்பை நடுப்பகுதியிலும் தடவிப் பார். மேல்பாதியும் கீழ்பாதியும் சமமாக, முட்டையின் பக்கவாட்டுபோல உருண்டிருந்தால் சரி. பலகையின் மிக அகலமான இடம் எங்கே இருக்கிறது என்றும் கவனி. நடுவிலோ, கொஞ்சம் முன்னாலோ இருந்தால் மூக்குப் பலகை. நடுவுக்குப் பின்னால், இடுப்பு பெருத்தமாதிரி இருந்தால் அது வேறு குடும்பம். 1950-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் டேல் வெல்சி செய்து புகழ்பெற்ற வடிவம். பன்றி என்றே பெயர். வாலில் நின்று திருப்பினால் அவ்வளவு அழகாகச் சுற்றும், ஆனால் மூக்கு ஒடுக்கம். எனக்கு அந்த வடிவத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு. உன் முதல் பலகையாக வேண்டாம்.

உன் எடை 58 கிலோ. 9 அடி 4 அங்குலமே போதும். இந்தப் பழைய பலகையின் 9 அடி 6 அங்குலம் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் அந்த அலைக்குத் தப்பில்லை. அகலம் 23, கனம் 3 அங்குலத்துக்குள் இருக்கட்டும். அதற்குமேல் போனால் உட்கார்ந்திருக்கும்போதே பலகை உன்னை மிதக்கவைத்து உருட்டும், விளிம்பைச் சாய்க்க உன் எடை போதாது. 23 அங்குலத்தை உன் கை சுற்றிப் பிடிக்காது என்பது தெரியும். மெழுகு பூசிய பக்கம் மேலே இருக்கும்படி தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து நட. கரும்புக்கட்டு சுமந்த குடும்பத்துப் பெண்ணுக்கு இது கஷ்டமா?

இப்போது சோதனை. இதில்தான் பழைய பலகை வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். குளியலறைத் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கு. பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறி நில், பிறகு தனியாக ஏறி நில், கழித்துப் பார். ஏழரை முதல் ஒன்பது கிலோ வரை சரி. பன்னிரண்டு காட்டினால் காரணம் கேள். கனமான கண்ணாடி இழைத் துணி போட்டுச் செய்த பலகை என்றால் ஓரத்தில் துணி மடிந்த கோடு பச்சை நிழலாகத் தெரியும். அது இல்லாமல் அவ்வளவு எடை என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

பிறகு கட்டைவிரலால் மேல்பக்கம் முழுக்க அமுக்கிக்கொண்டே வா. குதிகால் பட்டுப்பட்டு விழுந்த ஆழமில்லாத குழிகள் எல்லாப் பழைய பலகையிலும் இருக்கும். கெட்டியாக இருந்தால் பயமில்லை. அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப எழும்புகிற இடம் இருந்தால், மேலே உள்ள கண்ணாடித் துணி நுரையைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்த பலகைக்கு இதுதான் வரும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் பிரிந்த இடம் பொத்தென்றும் கேட்கும். உள்ளங்கை அளவுக்குமேல் பிரிந்திருந்தால் விட்டுவிட்டு வந்துவிடு.

வாலில் கண்ணை வைத்து, பலகையின் நடுவில் நீளவாக்கில் ஓடும் மரச் சட்டத்தின்மேல் மூக்குவரை பார். கோடு முறுகியிருந்தால் பலகை ஒருபக்கமே இழுக்கும், அதற்கு மருந்து கிடையாது. குறுக்கே விளிம்புக்கு விளிம்பு ஒரு பட்டையாக நிறம் மாறியிருந்தால் இரண்டாக உடைந்து ஒட்டிய பலகை. கடைசியாக, ஃபினைச் செருகி மாட்டுகிற பெட்டி. சுற்றிலும் முடிபோன்ற வெடிப்பு, பழுப்புக் கறை இருக்கிறதா பார். ஃபினைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டு. ஃபின் ஆடலாம், பெட்டி ஆடக்கூடாது. கனமான பலகை, நீளமான ஃபின், ஆழமில்லாத மணல்: மூன்றும் சேர்ந்தால் முதலில் பெயர்வது அந்தப் பெட்டிதான்.

அந்தப் பலகையோடு வருகிற ஃபின் பின்னோக்கிச் சாய்ந்து நுனி ஒடுங்கி இருக்கிறது, படத்தில் தெரிகிறது. அது நீளமான திருப்பங்களுக்கு. உனக்கு வேண்டியது நேராக நிற்கிற, நுனிவரை அகலமான ஃபின், 9½ முதல் 10 அங்குலம். வாலை நழுவவிடாமல் பிடிக்கும். நின்ற இடத்திலேயே பலகையைச் சுழற்றவும் உதவும். முதலில் பெட்டியின் நடுவில் மாட்டு. மூக்கில் நிற்கும்போது வால் வழுக்கினால் ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளு. திருப்புவதற்குப் பிடிவாதம் பிடித்தால் ஒரு சென்டிமீட்டர் முன்னால். ஒருநாளில் ஒரு மாற்றம்தான் செய். இரண்டு செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. திருகாணியை விரலால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். இன்னும் முறுக்கினால் பெட்டிக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் தகடு புரி கழன்றுவிடும். தகடும் திருகாணியும் ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்.

ஓட்டை விழுந்தால் அந்த நிமிஷமே தண்ணீரைவிட்டு வெளியே வா. இந்தப் பலகைக்குள் இருப்பது பாலியூரித்தேன் நுரை, அதனால் பாலியெஸ்டர் ரெசின் (பிசின்) போட்டு அடைக்கலாம். தோழிகள் யாருடைய எப்பாக்சிப் பலகையிலும் அதே ரெசினைத் தடவிவிடாதே; பாலிஸ்டைரீன் நுரை கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். நுரை நன்றாகக் காயாமல் அடைக்கவும் கூடாது. உள்ளே மாட்டிய ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே ஒட்டியதைத் தூக்கிவிடும்.

குளிர்த் தண்ணீருக்கான மெழுகு வாங்கு. இங்கே பூசுகிற வெப்பக் கடல் மெழுகு அங்கே கண்ணாடிபோல இறுகிக் கால் வழுக்கும். மூக்குவரை பூசு, நடக்கப் போகிறவள் பாதியோடு நிறுத்தக்கூடாது. லீஷ், அதாவது பலகையைக் காலோடு கட்டுகிற கயிறு, 9 அல்லது 10 அடி, கணுக்காலில் கட்டாமல் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற வகை. குறுக்குக் கால் வைத்து நடக்கும்போது கயிறு மிதிபடாது. லீஷ் இருக்கிறது என்று பலகையை உதறிவிடாதே. ஒன்பது கிலோ பலகை உடைந்த அலையின் வெள்ளை நுரையில் வந்தால் பின்னால் இருக்கிற குழந்தையின் பல் போகும். நுரை வரும்போது இரண்டு விளிம்பையும் பிடித்துத் தலைகீழாகப் புரண்டு பலகைக்கு அடியில் இரு. குளிர்காலத்துக்கு 4/3 மில்லிமீட்டர் ரப்பர் உடை வேண்டும், உடம்புப் பகுதி 4, கை கால் 3 மில்லிமீட்டர் தடிப்பு.

இன்னொன்று, அம்மா கட்டாயம் எழுதச் சொன்னாள். இங்கே கரையில் சுறா வலைகளும் தூண்டில்களும் இருக்கின்றன. மைசன்பெர்க்கில் அது கிடையாது. மலையில் ஆள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், கொடி ஏற்றுகிறார்கள். பச்சை நல்லது. கறுப்பு என்றால் தண்ணீர் கலங்கிச் சரியாகப் பார்க்க முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கை. சுறா படம் போட்ட வெள்ளைக்கொடி ஏறிச் சங்கு ஒலித்தால் எப்பேர்ப்பட்ட அலையாக இருந்தாலும் விட்டுவிட்டுக் கரைக்கு வா.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது ஃபினைக் கழற்றி, பெட்டியின் நீளத்தையும் பள்ளத்தின் அகலத்தையும் அளந்து உடனே எழுது. ஃபின் பலகையோடு சேர்த்தே ஒட்டியதாக இருந்தால் அதையும் சொல், மாற்ற முடியாது. பெட்டி வழக்கமான அளவு என்றால் இங்கே 9¾ அங்குல நேர் ஃபின் ஒன்று தயாராக இருக்கிறது. உன் மாமா அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கேப் டவுனுக்குப் பக்கி (சின்னச் சரக்கு) வண்டியில் வருகிறார், துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்
அப்பா