‘இன்றைக்கு வேண்டாம் மக்களே’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

மலையடிவாரப் பள்ளியின் பிள்ளைகளுக்குத் துணைநின்ற குமரி மாவட்டத்துப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் உறைவிடப் பள்ளியில் வெளிக்கள வகுப்புகளின் பொறுப்பை இந்த மே மாதத்தோடு இன்னொருவரிடம் ஒப்படைக்கிறேன். நான் பிறந்தது திண்டுக்கல் பக்கம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்புகிறேன். போவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. கோதையாற்றுக் காடு தொடங்கி முட்டத்துக் கடற்கரை வரை பரந்து கிடக்கும் அத்தனை வீடுகளுக்கும் போய்வர நாள் போதாது. அதனால் இந்த மடல்.

எங்கள் பள்ளியை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பிள்ளைகள் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். மற்றப் பள்ளிகளில் உள்ள அதே பாடத்திட்டம், அதே பொதுத்தேர்வு. வாரத்தில் ஒரு முழு நாளும், பருவத்துக்கு ஒரு நெடும்பயணமும் வகுப்பறைக்கு வெளியே நடக்கும். பழையாற்றைச் சுருளோட்டில் தொடங்கி மணக்குடிக் கழிமுகம் வரை கரையோரமாக நடந்தே பார்ப்பது ஒன்பதாம் வகுப்பின் புவியியல். மலையும் வயலும் கடலும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் மாவட்டம் இது. இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான மண் வேறெங்கும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் மலையும் கடலும் தாமாகப் பாடம் நடத்துவதில்லை. எங்கே போகலாம், எதைத் தொடலாம், எந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் உடன் இல்லாவிட்டால், ஊரார் பிள்ளைகளை நம்பி வெளியே அழைத்துப்போக எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. துணிச்சலை வளர்ப்பது பற்றி இத்துறையில் நிறையப் பேசுகிறார்கள். தடுத்து நிறுத்தத் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள் என்றால், அது தடுத்தவர்களால்தான்.

கரமடி என்னும் பெருவலையைக் கரையிலிருந்து இழுக்கும் அண்ணாச்சிமாரே, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு முதன்முறை வந்தபோது உயிர்காப்புச் சட்டை, கயிறு, முதலுதவிப் பெட்டி என்று வண்டி நிறையக் கொண்டுவந்திருந்தோம். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. உங்களில் மூத்தவர் மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, அலை உடையும் இடத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, ‘இன்றைக்கு வேண்டாம் மக்களே’ என்றார். அலை வழக்கத்தைவிட வெளியே உடைகிறது என்பதையும், நீரோட்டம் மாறியிருக்கிறது என்பதையும் கையை நீட்டிக் காட்டினார். எங்கள் கண்ணுக்கு அன்றைய கடலும் மற்ற நாளைய கடலும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

வள்ளம் ஏற வந்த பிள்ளைகளை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஈர மணலில் ஒரு குச்சியால் கோடு போட ஆரம்பித்தார். கரையில் நிற்கும் மாதா கோயில் கோபுரமும் அதன் பின்னால் தெரியும் மலைமுகடும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் ஒரு கோடு. பக்கவாட்டில் ஒரு பாறையும் ஒரு தென்னந்தோப்பின் ஓரமும் சேர்ந்துவந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும், பாரில் மீன் அடைந்திருக்கும். ஜி.பி.எஸ். கருவி வருவதற்கு முன்னால், கரை மங்கலாகத் தெரியும் தொலைவிலும் இப்படித்தான் இடம் பிடித்தோம் என்றார். ஆயத்தொலை வடிவியலைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியால் ஒரு குடும்பம் சாப்பிட முடியும் என்பதைப் பிள்ளைகள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

கடல் தணிந்த ஒரு நாள், நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டு வரச்சொன்னீர்கள். அன்று கரமடிக் கயிற்றைப் பிடித்துப் பிள்ளைகளும் இழுத்தார்கள். மடி கரையேறிய பிறகு, கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டு என்று சொல்லி, நெத்திலியும் சாளையும் ஒரு குவியல் ஒதுக்கிவைத்தீர்கள். வேண்டாம் என்று நான் மறுத்ததை நீங்கள் காதில் வாங்கவே இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறிவந்ததையும், 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பாமல் போனதையும் அன்று மதியம் நீங்கள் சொல்லப் பிள்ளைகள் கேட்டார்கள். முன்பு வந்தபோது வள்ளத்தில் ஏற்றவில்லையே என்று முறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், எழுந்துபோய் அந்த மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் கல்வி முறைக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிறந்த கர்ட் ஹான் என்ற கல்வியாளர், 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கடலோர ஊரில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார். போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட காலம் அது. வலுவுள்ள இளம் மாலுமிகள் மடிந்துபோக, வயதில் மூத்த மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள். அந்த மன உறுதியை இளையவர்களுக்கும் பழக்க வேண்டும் என்பதே அந்தப் பள்ளி பிறந்த காரணமாகச் சொல்லப்படுகிறது. இதையெல்லாம் பயிற்சிக் காலத்தில் படித்துவிட்டுத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அந்த மூத்த மாலுமி எப்படி இருப்பார் என்பதை உங்கள் கடற்கரையில்தான் கண்டேன்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில் இருக்கும் பாட்டாவுக்கு என் வணக்கம். 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையைப் பற்றிப் பேசினால், அதைக் கட்டிய மிஞ்சின் துரையின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும். அணைக்கு அருகிலேயே அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தக் காட்டில் வழி கண்டு நடந்த உங்கள் முன்னோர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. வனத்துறையின் அனுமதிக் கடிதத்தோடு வந்த எங்களை நீங்கள் காட்டுக்குள் அழைத்துப்போன நாள் நினைவிருக்கிறதா? ஓர் இடத்தில் நின்றுவிட்டீர்கள். முறிந்து கிடந்த, மூங்கில் இனத்தைச் சேர்ந்த ஓர் ஈற்றையை எடுத்து, முறிவின்மேல் விரலை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தீர்கள். ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். ஈரம் காயவில்லை, விரலில் பிசுபிசுத்தது. யானை தின்றுவிட்டுப் போய் அதிக நேரம் ஆகவில்லை என்று யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. நீங்கள் திரும்பி நடந்தீர்கள், நாங்களும் பின்னாலேயே வந்துவிட்டோம்.

குடியிருப்புக்கு வந்ததும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் கவலைக்கிழங்கு தோண்டக் கற்றுக்கொடுத்தீர்கள். கிழங்கை எடுத்த பிறகு கொடியின் தலையை அதே குழியில் வைத்து மண்ணை மூடச் சொன்னீர்கள். பள்ளித் தோட்டத்தில் சேனை எடுக்கும்போதும் சிறுகிழங்கு எடுக்கும்போதும், குழியில் திரும்ப எதை வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப்போகிறார்.

அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பனையேறி மாமாவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. கைத்தொழில் வழியாகவே மற்றப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாமாவின் பனையடியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மாமா, பிள்ளைகள் எத்தனை கெஞ்சியும் அவர்களைப் பனையில் ஏற நீங்கள் விடவில்லை. காலில் திளாப்பு என்னும் ஏறுகயிற்றைப் பூட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கவைத்தீர்கள். அந்த உயரத்தில் நிற்கவே அவர்களுடைய தொடை நடுங்கியது. காலையும் மாலையும் இத்தனை மரம் ஏறி இறங்கும் ஒருவருக்கு ஒரு சிரட்டைக் கருப்பட்டிக்கு என்ன விலை கிடைக்கிறது என்று அன்றே ஒருவன் கணக்குக் கேட்டான்.

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதை நீங்கள் காட்டிய விதம் எனக்கு மறக்காது. நடுவிரலால் தொட்டு உள்சுவரில் ஒரே சுற்று. குறைந்தால் அக்கானி (பதநீர்) புளித்துவிடும், கூடினால் கருப்பட்டி சரியாக உறையாது, ருசியும் கெடும் என்றீர்கள். வேதியியல் ஆசிரியர் நொதித்தல் பாடத்தை அதன் பிறகு புத்தகத்திலிருந்து தொடங்குவதே இல்லை. அடுப்படியில் வெந்து, பாகுப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் காட்டிய அத்தைக்கும் சேர்த்து இந்த நன்றி. வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஓலைப்பட்டையில் நீங்கள் ஊற்றிக்கொடுத்த அக்கானிக்கு ஒருநாள்கூடக் காசு வாங்கவில்லை. அது உங்களுடைய அன்றைய வருமானம் என்பது எனக்குத் தெரியும்.

சுசீந்திரத்தை அடுத்த ஏலாவில் (வயல்வெளியில்) நெல் பயிரிடும் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நடவுக்குப் பிள்ளைகளை வயலில் இறங்கவிட்டீர்கள். அவர்கள் நட்ட வரிசை கோணலும் மாணலுமாக இருந்தது. நன்றாக நட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தீர்கள். நாங்கள் போன பிறகு நீங்களும் உங்கள் மருமகளும் இறங்கி அத்தனையையும் பிடுங்கி மறுபடி நட்டீர்கள் என்பது, அறுவடை முடிந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அடுத்த நடவுக்கு, கயிறு பிடித்து நேர்வரிசையில் நடப் பள்ளித் தோட்டத்தில் அவர்களே பழகிக்கொண்டு வந்ததற்கு அதுதான் காரணம்.

கால்வாய் நீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எங்களுக்குத் துணைவந்த, கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் நீர்ப்பாசன லஸ்கர் அண்ணனுக்கும் நன்றி. 1966-இல் கட்டிய அந்தப் பாலம் 384 மீட்டர் நீளம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம். வருகிறவர்கள் கீழே எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளைகளைத் தொட்டிக்குள் ஓடும் தண்ணீரைப் பார்க்கவைத்தீர்கள். காய்ந்த இலையொன்றை மிதக்கவிட்டு நீரின் வேகத்தைக் கணக்கிட அவர்கள் கற்றது உங்களிடம்தான்.

கிராமச் செவிலியர் சகோதரி ஒவ்வொரு பயணப் பருவத்துக்கும் முன்பு பள்ளிக்கு வந்து, பாம்பு கடித்தால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று செய்துகாட்டிவிட்டுப் போவார். அந்தப் பாடம் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. தேவைப்படாமல் போன அந்த உழைப்புக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

விடிவதற்கு முன் எழுந்து வாட்டிய வாழையிலையில் பொதிச்சோறு கட்டிக்கொடுத்த சமையற்கட்டு அக்காமார், மரச்சீனிக் கிழங்குக்குக் காந்தாரி மிளகாய்த் துவையலை மறக்காமல் வைத்த அவர்களுடைய கைகள், பேச்சிப்பாறை முதல் பஸ்ஸில் மூட்டை முடிச்சுகளோடு ஏறும் பிள்ளைகளுக்காகப் பொறுமையாக நின்ற நடத்துநர்கள், மழை பிடித்துக்கொண்ட இரவுகளில் கதவைத் திறந்துவிட்ட பூதப்பாண்டிப் பள்ளிக்கூடத்துக் காவலாளி, தேரூர்க் குளக்கரையில் பறவை பார்க்கத் தம் தொலைநோக்கியைக் கொடுத்துதவிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகிய எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை. கைப்பேசி எட்டாத இடத்தில் உங்கள் பிள்ளை இரவு தங்குகிறது என்று சொல்லி அனுப்பும்போதெல்லாம், எதிர்முனையில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை விழுங்கிக்கொண்டு சரி என்று சொன்னீர்கள். பயணம் பாதியில் திரும்பிய நாட்களில், கட்டிய பணம் என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பயணத்தைக் கைவிடுவது எனக்கு அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பழையாற்று நடையில் பிள்ளைகள் வரைந்த பெரிய வரைபடம் இந்த ஆண்டு முடிந்துவிட்டது. கால்வாய்கள், குளங்கள், தடுப்பணைகள், கரையோர மரங்கள், ஆகாயத்தாமரை மூடிய பகுதிகள், ஒழுகினசேரி தாண்டிக் கழிவுநீர் கலக்கும் இடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆற்றோர ஊராட்சி அலுவலகங்களுக்கும் ஊர் நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பியிருக்கிறோம். சில குளங்களுக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்குகிறது. எது சரி என்று பிள்ளைகளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. பார்ப்பவர்கள் தயவுசெய்து பென்சிலால் திருத்தி எழுதிவையுங்கள். என் இடத்துக்கு வரும் ஆசிரியர் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வோர் ஊராக வந்து அந்தத் திருத்தங்களை வாங்கிக்கொள்வார். அவருக்கும் கடலை, காட்டைக் காட்டிக்கொடுங்கள். போகக் கூடாத நாளில் அவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

என்றும் நன்றியுடன்,
வெளிக்கள வகுப்புப் பொறுப்பாசிரியை